ஜி.பி.எஸ். வாட்ச்சை வைத்து ஓடிப் பழகுவது எப்படி?

ஜி.பி.எஸ். வாட்ச் கைக்கு வந்ததும் எல்லோரும் அதிலுள்ள எண்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பார்கள். ஓடும்போது அவற்றில் மூன்று போதும். புதிதாக ஓடுபவருக்கு இந்த வாட்ச்சால் கிடைக்கும் பெரிய உதவி, மெதுவாக ஓட வைப்பதுதான். உதாரணத்துக்கு கார்மின் ஃபோர்ரன்னர் 55-ஐ எடுத்துக்கொள்வோம். 2021-இல் வந்த மாடல். தொடுதிரை கிடையாது, ஐந்து பட்டன்கள். வியர்த்து வழியும் விரலுக்குப் பட்டன்தான் தோது. வேறு கம்பெனி வாட்ச் என்றால் மெனுவில் பெயர்கள் மாறும், வேலை ஒன்றுதான்.

படி 1: வீட்டிலேயே முடிக்க வேண்டியவை

சார்ஜ் போட்டு, போனில் கார்மின் கனெக்ட் ஆப்பை இறக்கி வாட்ச்சை இணையுங்கள். பிறந்த தேதி, உயரம், எடையைச் சரியாகக் கொடுங்கள். வயதை வைத்துத்தான் வாட்ச் உங்கள் துடிப்புக் கணக்கைப் போடும்.

ஓடப் போவதற்கு முன் ஆப்புடன் ஒருமுறை சிங்க் செய்துவிடுங்கள். அடுத்த சில நாட்களில் சாட்டிலைட்டுகள் எங்கெங்கே இருக்கும் என்ற விவரம் வாட்ச்சுக்குள் இறங்கிவிடும். வெளியே போனால் சிக்னல் சீக்கிரம் கிடைக்கும்.

அப்புறம் திரை. ஓட்டத்துக்கான செட்டிங்கில் நேரம், தூரம், இதயத்துடிப்பு என்று மூன்றை மட்டும் வையுங்கள். அந்தந்த நொடியின் வேகத்தைக் காட்டும் எண்ணை எடுத்துவிடுங்கள். ஜி.பி.எஸ். கணிப்பில் சில மீட்டர் முன்னே பின்னே இருக்கும் என்பதால், நீங்கள் ஒரே சீராக ஓடினாலும் அது ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு கிலோமீட்டர் முடிவிலும் வாட்ச் தானே நேரத்தைச் சொல்லும். அது போதும்.

படி 2: கட்டுவதும் காத்திருப்பதும்

மணிக்கட்டு எலும்பின் மேலேயே கட்டாமல், முழங்கைப் பக்கமாகக் கொஞ்சம் தள்ளி, ஆடாத அளவுக்குக் கட்டுங்கள். அடியில் மினுக்கும் பச்சை விளக்குதான் ரத்த ஓட்டத்தைப் பார்த்துத் துடிப்பைக் கணக்கிடுகிறது. வாட்ச் ஆடினால், துடிப்புக்குப் பதிலாக உங்கள் காலடிகளின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். ஓடும்போது நிமிடத்துக்கு 160, 170 அடி வைப்பது சாதாரணம். அந்த எண் நிஜமான துடிப்பு மாதிரியே தெரியும். சாவகாசமாகப் பேசிக்கொண்டே ஓடும்போது 170 என்று காட்டினால், முதலில் பட்டையை இறுக்கிப் பாருங்கள். அப்படியும் சரியாகவில்லை என்றால் நெஞ்சில் கட்டும் பட்டைதான் வழி.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி ஓட்டத்தைத் தேர்ந்தெடுத்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். இடத்தைக் கணிக்க நான்கு சாட்டிலைட்டுகளாவது பிடிபட வேண்டும். வானம் நன்றாகத் தெரியும் இடத்தில் நில்லுங்கள். பெசன்ட் நகர் கடற்கரையில் சட்டென்று கிடைக்கும் சிக்னல், தி.நகர் சந்துக்குள் இழுத்தடிக்கும். ஜி.பி.எஸ். குறி பச்சையானதும் மறுபடி ஸ்டார்ட்டை அழுத்துங்கள்.

படி 3: மெதுவாக ஓடுவது

220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவது உங்கள் உச்சத் துடிப்பு என்பது வழக்கமான கணக்கு. நாற்பது வயதுக்காரருக்கு 180. அதில் 60 முதல் 70 சதவீதம், அதாவது 108 முதல் 126 வரை, கார்மின் கணக்கில் இரண்டாம் மண்டலம் (துடிப்பை ஐந்து படிகளாகப் பிரித்ததில் கீழிருந்து இரண்டாவது). ஆரம்ப மாதங்களில் பெரும்பாலான ஓட்டம் இதற்குள் இருந்தால் நல்லது.

ஆனால் இந்தக் கணக்கு சராசரிதான். ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு மாறலாம். அதனால் வாயையும் கேளுங்கள். மூச்சு வாங்காமல் முழு வாக்கியம் பேச முடிந்தால் சரியான வேகம். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நின்றால், வாட்ச் என்ன சொன்னாலும் வேகம் அதிகம். ரத்த அழுத்தத்துக்கு பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு இயல்பாகவே ஏறாது. இந்தக் கணக்கே பொருந்தாது, டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலில் ஓட ஆரம்பித்த இரண்டாவது நிமிடமே 150-ஐத் தாண்டும். தாண்டட்டும், நடங்கள். இறங்கியதும் மறுபடி ஓடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. அலர்ட் பகுதியில் ஓட்டம், நடை என்று மாற்றி மாற்றி நேரம் வைக்கலாம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. வாட்ச் அதிரும்போது மாற்றிக்கொண்டால் போதும், திரையைப் பார்க்கவே வேண்டாம்.

400 மீட்டர் மைதானத்தில் சுற்றுபவர்கள் சாதாரண ஓட்டத்தை விட்டுவிட்டு டிராக் ரன் என்ற, மைதானச் சுற்றுக்கென்றே உள்ள முறையைத் தேர்ந்தெடுங்கள்.

படி 4: முடித்த பிறகு

நிறுத்தி, சேவ் கொடுங்கள். மறந்துவிட்டு ஸ்கூட்டரில் ஏறினால் அதையும் உங்கள் சாதனையாக எழுதிக்கொள்ளும். வியர்வை உப்பு சார்ஜ் முனைகளை அரிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே சார்ஜ் போடுங்கள்.

தூக்க மதிப்பெண், விஓ2 மேக்ஸ் (உடம்பு அதிகபட்சமாக எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும் என்ற கணிப்பு) எல்லாவற்றையும் முதல் மாதம் கண்டுகொள்ளாதீர்கள். அதே பாதை, அதே காலை நேரம், அதே துடிப்பு. கிலோமீட்டருக்கு எட்டரை நிமிடமாக இருந்தது எட்டு நிமிடமானால் உடம்பு தேறுகிறது. டிசம்பர் ஓட்டத்தை மே மாத ஓட்டத்தோடு ஒப்பிட வேண்டாம். வெக்கையில் அதே வேகத்துக்கே துடிப்பு கூடும்.

கடைசியாக ஒரு செட்டிங். ஓட்டங்களை மற்றவர்களோடு பகிரும் ஆப்பான ஸ்ட்ராவாவில் உங்கள் ஓட்டத்தைப் போடுவதாக இருந்தால், வீட்டைச் சுற்றிய பகுதி மற்றவர்களுக்குத் தெரியாதபடி தனியுரிமைப் பகுதியில் மறைத்துவிடுங்கள். அந்த நிறுவனம் வெளியிட்ட உலக வரைபடத்தில் ராணுவ முகாம்களின் ஓட்டப் பாதைகள்கூடப் பளிச்சென்று தெரிந்து, 2018 ஜனவரியில் பெரிய செய்தியானது. தினமும் அதே வாசலில் தொடங்கி அதே வாசலில் முடியும் கோடு, உங்கள் முகவரியையும் நீங்கள் வீட்டில் இல்லாத நேரத்தையும் சேர்த்தே சொல்லிவிடும்.