சேலத்தின் பேரிடர் ஆயத்தத்தை மதிப்பிடுவது எப்படி?

மாநகராட்சி பேரிடருக்கு ஆயத்தமாக இருக்கிறதா என்பதை அறிய விரும்புபவர், அலுவலகத்துக்குப் போகும் முன் தண்ணீர் வரும் வழியில் ஒருமுறை நடந்துவிட வேண்டும். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை ஏற்காடு ஊராட்சி ஒன்றியத்தில் தொடங்கி, அடிவாரத்தில் கன்னங்குறிச்சி பேரூராட்சியைத் தொட்டு, திருமணிமுத்தாறு வழியாகச் சேலம் மாநகராட்சிக்குள் நுழைகிறது. மலைச்சாலையோ நெடுஞ்சாலைத் துறையின் பொறுப்பு. ஆகவே முதல் கேள்வி இதுதான்: மேலே கனமழை கொட்டும்போது, கீழே உள்ளவர்களுக்கு யார், எந்த வழியில், எத்தனை நிமிடங்களில் தகவல் சொல்கிறார்கள்? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலின் எச்சமாகப் பெய்த மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நாம் பார்த்திருக்கிறோம். எல்லைகளுக்கு இடையில் விழும் இந்தப் பொறுப்பையே நான் மற்ற எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கருதுகிறேன்.

அடுத்து ஆவணங்கள். 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இயங்குகிறது. மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம் ஆண்டுதோறும் திருத்தப்பட வேண்டும். அதே சட்டத்தின் 41ஆம் பிரிவு, ஊழியர்களுக்குப் பயிற்சி அளிப்பதையும், கருவிகளை எந்நேரமும் பயன்படும் நிலையில் வைத்திருப்பதையும் உள்ளாட்சி அமைப்பின் கடமையாக்குகிறது. திட்டத்தின் நகல், கடைசியாக நடந்த ஒத்திகையின் தேதி, மழைக்கால முன்னேற்பாட்டுக்கு ஒதுக்கிய தொகை, செலவான தொகை ஆகியவற்றைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு உண்டு என்பதால், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக ஆகஸ்ட் மாதத்திலேயே மனு போட்டுவிடுவது நல்லது.

காகிதம் கைக்கு வந்ததும் அதை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வாருங்கள். ஒரு சிறுபாலத்தின் அடியில் குனிந்து பாருங்கள்: சுவரில் படிந்திருக்கும் சேற்றுக் கோடு, சென்ற மழையில் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்பதைக் காட்டும், அடியில் தேங்கிய மண்ணும் பிளாஸ்டிக்கும் திறப்பில் எத்தனை பங்கை அடைத்திருக்கின்றன என்பதை ஒரு குச்சியால் அளந்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஏரிக்கரையில் மதகு திறந்து மூடுகிறதா, உபரி நீர் வெளியேறும் கலிங்குக்குக் கீழே வாய்க்கால் உண்மையிலேயே இருக்கிறதா, அல்லது வரைபடத்தில் மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். நீர் இறைக்கும் மோட்டார் இருக்கிறது என்ற பதிலோடு நின்றுவிடாமல், அதை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நிவாரண முகாமாகக் குறிக்கப்பட்ட ஒரு பள்ளியில் நான் கேட்ட ஒரே கேள்வி, இரவில் சாவி யாரிடம் இருக்கும் என்பதுதான். பட்டியலில் இருந்த பெயருக்குரியவர் மாற்றலாகிப் போயிருந்தார். கழிவறையில் தண்ணீர் வருகிறதா, சக்கர நாற்காலி உள்ளே போகுமா என்பதையும் அங்கேயே பார்த்துவிட வேண்டும்.

மதிப்பெண் இட விரும்புவோருக்கு ஐ.நா. பேரிடர் அபாயக் குறைப்பு அலுவலகத்தின் நகர மதிப்பீட்டு அட்டை உதவும். பத்து அடிப்படைகளின் கீழ் அமைந்த அதன் முதல்நிலைப் படிவத்தில் 47 கேள்விகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். மொத்தக் கூட்டுத்தொகையை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஏனெனில் நல்ல வரைபடத்துக்குக் கிடைத்த 3, எச்சரிக்கை சென்று சேராத குடிசைப் பகுதிக்குக் கிடைத்த 0-வை மறைத்துவிடும். அந்த 0-க்களைத் தனியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பான அலுவலரின் பதவியையும் முடிக்க வேண்டிய தேதியையும் குறியுங்கள்.

ஆற்றங்கரையில் குடியிருக்கும் பெண்களிடமும், அதிகாலையில் சாக்கடை அடைப்பு எடுக்கும் தூய்மைப் பணியாளர்களிடமும் பேசாமல் மதிப்பீட்டை முடிக்காதீர்கள். எந்தச் சந்தில் தண்ணீர் முதலில் ஏறும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். 1077 என்ற மாவட்ட உதவி எண்ணை அவர்கள் அறிந்திருக்கிறார்களா, அழைத்தபோது யாராவது எடுத்தார்களா என்றும் கேளுங்கள். பிறகு குறைகளை வார்டு வாரியாக ஒரே தாளில் எழுதி, வார்டின் ஒரு பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டத்தில் கொடுத்துப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். முதல் பெருமழை ஓய்ந்த மறுநாள், அதே சிறுபாலத்துக்கு அதே குச்சியோடு மறுபடி போய் அளவைச் சரிபாருங்கள்.