மருத்துவப் பதிவில் பொய்: குற்ற எண்ணம் இருந்ததா என்று சோதிப்பது எப்படி?

கேஸ் ஷீட்டில் ஒரு வரி தவறு என்று காட்டிவிடுவது எளிது. டாக்டர் மீது மோசடிக் குற்றம் நிற்க வேண்டுமானால், பொய் என்று தெரிந்தேதான் எழுதினார், யாரையோ ஏமாற்றத்தான் எழுதினார் என்பதைப் பொதுவாக அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். வெறும் கவனக்குறைவு என்றால் அதன் இடம் பெரும்பாலும் நஷ்டஈட்டு வழக்கும் ஒழுங்கு விசாரணையும்தான்.

காலவரிசையில் தொடங்குங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு நேரம் குறியுங்கள்: சிகிச்சை நடந்ததாக எழுதியிருக்கும் நேரம், அந்த வரி உண்மையில் எழுதப்பட்ட நேரம். நோயாளி இறந்ததோ புகார் வந்ததோ டாக்டருக்கு எப்போது தெரிந்தது என்பதை மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின் நுழைந்த வரிகளைத்தான் அதிகம் துருவ வேண்டும். தாமதம் மட்டுமே குற்றமாகாது. உயிர் போராட்டத்தின் நடுவே யாரும் பேனாவைத் தேடுவதில்லை. ‘தாமதப் பதிவு’ என்று குறித்து, எழுதிய நேரத்தையும் போட்டிருந்தால் அது டாக்டருக்குச் சாதகம். அப்போதே எழுதியதுபோல் பழைய நேரம் போட்டிருந்தால், அதற்கான காரணத்தைத் தேடுங்கள்.

கணினிப் பதிவென்றால் திரையின் அச்சுப்பிரதி போதாது. யார், எப்போது, எதை அழித்து எதைச் சேர்த்தார் என்று காட்டும் ஆடிட் டிரெயிலைக் கேட்டு வாங்குங்கள். வேறொருவர் அதே லாகினில் எழுதியிருக்கலாம். அன்று பணியில் இருந்தவர் யார் என்றும் பாருங்கள். காகிதமென்றால் மூலப் பிரதியே வேண்டும்: அடித்தாளில் விழுந்த பேனா அழுத்தமும் மையின் வேறுபாடும் ஜெராக்ஸில் சரியாகத் தெரியாது.

பிறகு நர்ஸ் குறிப்பு, மருந்துச் சார்ட், லேப் ரிப்போர்ட், நோயாளியின் இதயத்துடிப்பு போன்றவற்றைக் காட்டும் மானிட்டரின் அச்சு ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். பல வழக்குகள் சறுக்கக்கூடிய இடம் இதுதான்: ஒவ்வொரு கருவியின் கடிகாரமும் ஒன்றுபோல் ஓடாது. மானிட்டர் 7 நிமிடம் பிந்தியிருந்தால் நேர்மையான டாக்டரும் பொய்யராகத் தெரிவார். கடிகார வித்தியாசத்தை அளந்து கழித்த பிறகே முரண்பாடு என்று எழுதுங்கள்.

டெம்ப்ளேட் (கணினியில் முன்பே தயாராக இருக்கும் படிவம்) தானாக நிரப்பிய வரிகளைத் தனியே பிரித்து வையுங்கள். கால் அகற்றப்பட்டவருக்கு ‘இரு பாத நாடியும் இயல்பு’ என்று இருந்தால் அது காப்பி-பேஸ்ட்டின் விளைவாக இருக்கலாம். செய்யாத பரிசோதனைக்குப் பணமும் கோரப்பட்டதா, முன்பே எச்சரித்தும் தொடர்ந்தாரா, பல நோயாளிகளுக்கு ஒரே வாசகமா என்று பாருங்கள். இவை சேரும்போதுதான் தெரிந்தே செய்தார் என்ற வாதம் வலுக்கும்.