கடலூரிலிருந்து பிஎச்.டி.க்கு: முதலில் கைடைத் தேடுங்கள்

முதுகலை ரிசல்ட் வந்த வாரத்தில் என்னைத் தேடி வரும் தம்பி தங்கைகள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "அக்கா, பாண்டிச்சேரி யுனிவர்சிட்டியில் போடட்டுமா, அண்ணாமலையில் போடட்டுமா?" கடலூர்க்காரர்களுக்கு இது இயல்பான கேள்வி. வடக்கே பஸ் ஏறினால் பாண்டி, அங்கே மாறினால் பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி இருக்கும் காலாப்பட்டு. தெற்கே போனால் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் இருக்கும் சிதம்பரம். இரண்டுமே வீட்டிலிருந்து போய்வரும் தூரம்தான். ஆனால் அந்தக் கேள்வி மூன்றாவதாக வர வேண்டியது. எதை ஆராயப் போகிறோம், யாரிடம் செய்யப் போகிறோம் என்ற இரண்டும் அதற்கு முன்னால் இருக்கின்றன.

நான் இதைத் தலைகீழாகச் செய்தவள். பல்கலைக்கழகத்தின் பெயரைப் பார்த்துச் சேர்ந்தேன். கிடைத்த நெறியாளர், அதாவது கைடு, நல்லவர், ஆனால் என் துறைப் பிரிவில் அவர் வேலை செய்ததே இல்லை. தலைப்பை மாற்றி, கைடை மாற்றி முடிப்பதற்குள் ஒன்றரை வருடம் போய்விட்டது. உங்களுக்கு அது நேரக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

தகுதியைச் சரிபாருங்கள்

பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிமுறைப்படி முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி, கிரீமி லேயரில் வராத ஓபிசி, மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த (இடபிள்யூஎஸ்) பிரிவினருக்கு 50 போதும். நான்காண்டு இளங்கலை முடித்தவர்கள் 75 சதவீதம் இருந்தால் நேராகவே விண்ணப்பிக்கலாம். எம்.ஃபில். முடித்துவிட்டு வா என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால், அந்தப் படிப்பையே அதே விதிமுறையில் நிறுத்திவிட்டார்கள் என்று சொல்லுங்கள்.

தலைப்பைச் சுருக்குங்கள்

எல்லோரும் இடறுவது இங்கேதான். போன வருடம் சமூகவியல் படித்த ஒரு தங்கை "கடலூர் மாவட்ட மீனவர்களின் வாழ்வியல்" என்று எழுதிக்கொண்டு வந்தாள். அவளிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். எந்த ஊர்? யார்? என்ன மாறியது? தேவனாம்பட்டினம் என்றாள். பிறகு, கூடையில் மீன் விற்கும் பெண்கள் என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "சுனாமிக்கு அப்புறம் அவங்க கடன் வாங்குற வழியே மாறிடுச்சுக்கா, எங்க அத்தையே சொல்லுவாங்க" என்றாள். அதுதான் ஆய்வுக் கேள்வி. 2004க்கு முன் யாரிடம் கடன் வாங்கினார்கள், பிறகு சுயஉதவிக் குழுவா, வட்டிக்காரரா, அதனால் விலை பேசும் பலம் கூடியதா குறைந்ததா? இதை மூன்று நான்கு வருடத்தில் முடிக்க முடியும். "வாழ்வியல்" என்பதை ஒரு ஆயுளிலும் முடிக்க முடியாது.

ஆதாரம் எங்கே இருக்கிறது என்பதையும் அப்போதே யோசியுங்கள். இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். சைவ ஆகமங்கள், ஓலைச்சுவடிகள் என்றால் புதுச்சேரி செயின்ட் லூயி தெருவில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. அங்குள்ள சைவச் சுவடிகளை 2005இல் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. கடல்வாழ் உயிரியல் என்றால் பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மையம். கொசு, யானைக்கால், டெங்கு என்றால் புதுச்சேரியிலேயே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) நோய்க்கடத்தி ஆராய்ச்சி மையம்.

கைடைத் தேடுங்கள்

சோத்கங்கா தளத்தைத் திறந்து உங்கள் தலைப்பின் முக்கியச் சொற்களைப் போட்டுத் தேடுங்கள். இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் அங்கே இலவசமாகக் கிடைக்கின்றன. ஐந்தாறு ஆய்வேடுகளின் முதல் அத்தியாயத்தையும் துணைநூற்பட்டியலையும் படியுங்கள். திரும்பத் திரும்ப வரும் நெறியாளர் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவரிடம் சேர்ந்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்பதையும் பாருங்கள். எனக்கு அது அவருடைய கட்டுரைகளின் எண்ணிக்கையைவிட முக்கியம்.

அப்புறம் இரண்டு விஷயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஆகவே இடம் காலியாக இருக்கிறதா என்று கேளுங்கள். ஓய்வு பெற மூன்று வருடத்துக்கும் குறைவாக இருப்பவர் புதிய மாணவரை எடுக்க முடியாது. எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும் இதுதான் விதி.

முடிந்தால் அவரிடம் இப்போது படிக்கும் ஒருவரோடு ஒரு டீ குடியுங்கள். எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை நாளில் திரும்பி வருகிறது என்று மட்டும் கேளுங்கள். அந்தப் பதிலிலேயே நிறையத் தெரிந்துவிடும்.

மின்னஞ்சல்

"சார், வேகன்சி இருக்கா?" என்ற ஒரு வரிக்குப் பதில் வராது. இப்படி எழுதலாம்:

"மதிப்பிற்குரிய அம்மா, நான் கடலூரில் எம்.ஏ. சமூகவியல் முடித்துள்ளேன். தங்கள் மேற்பார்வையில் வந்த கடலோரப் பெண்கள் பற்றிய ஆய்வேட்டைப் படித்தேன். அதில் கடன் பற்றி நான்காம் அத்தியாயம் எழுப்பும் கேள்வியைத் தேவனாம்பட்டினத்தில் தொடர விரும்புகிறேன். ஒரு பக்கக் குறிப்பை இணைத்துள்ளேன். இந்த ஆண்டு தங்களிடம் இடம் இருந்தால் நேரில் வந்து பார்க்கலாமா?"

படித்ததாக எழுதினால் உண்மையிலேயே படித்திருக்க வேண்டும். முதல் சந்திப்பில் அதைத்தான் கேட்பார்கள். இரண்டு வாரம் பதில் வராவிட்டால் ஒருமுறை நினைவூட்டலாம், அதில் தவறில்லை.

நெட், பணம்

நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு வழக்கமாக ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை. 2024 ஜூன் முதல் அதில் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டுமான தகுதியும் தருகிறார்கள். அப்படித் தகுதி பெற்றவர்களுக்கு நெட் மதிப்பெண்ணுக்கு 70, நேர்காணலுக்கு 30 சதவீதம். அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். தனி நுழைவுத்தேர்வு வைக்கும் இடங்களும் உண்டு என்பதால் அந்தந்த வருட அறிவிப்பைப் படித்தாக வேண்டும்.

நெட்டில் நல்ல மதிப்பெண் பெறுபவர்களுக்குத் தரும் ஜேஆர்எஃப் உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000, அதோடு வீட்டு வாடகைப்படி. இது இல்லாமலும் சேரலாம்தான். ஆனால் வீட்டுப் பொறுப்பு இருப்பவர்கள், முக்கியமாகப் பெண் பிள்ளைகள், ஜேஆர்எஃப்புக்காக ஆறு மாதம் கூடுதலாகப் படிப்பதில் நஷ்டமே இல்லை என்பேன். கையில் சொந்தப் பணம் இருந்தால், "எப்பம்மா முடிப்ப?" என்ற கேள்வியைத் தாங்கும் தெம்பும் வருகிறது. பெண்களுக்கு பிஎச்.டி. முடிக்க உள்ள ஆறு வருட உச்சவரம்புக்கு மேல் இரண்டு வருடம் சலுகையும், 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் விதியிலேயே உண்டு. வேலையில் இருப்பவர்கள் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றிதழோடு பகுதிநேரமாகச் சேரலாம்.

சான்றிதழ்கள்

தமிழ்நாட்டு பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் சிதம்பரத்துக்குப் போதும். காலாப்பட்டில் இருப்பது மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் மத்திய அரசு படிவத்தில் ஓபிசி சான்றிதழ் வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு இ-சேவை மையத்தில் இன்றே விண்ணப்பியுங்கள். கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடியவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

நேர்காணல்

உங்கள் ஆய்வுக் கேள்வியை இரண்டு நிமிடத்தில், தாளைப் பார்க்காமல் தமிழிலும் ஆங்கிலத்திலும் சொல்லிப் பழகுங்கள். வீட்டில் அம்மாவிடம் சொல்லிப் பாருங்கள். அந்தத் தங்கையும் அப்படித்தான் செய்தாள். கேட்டுக்கொண்டிருந்த அத்தை நடுவில் புகுந்து, "வட்டி மட்டும் இல்லடி, மீனையே கடன் கொடுத்தவங்ககிட்டதான் போடணும்னு கண்டிஷன், அதையும் எழுது" என்றாராம். அவள் சினாப்சிஸின் (ஆய்வுச் சுருக்கத்தின்) மூன்றாவது பத்தி இப்போது அதிலிருந்துதான் தொடங்குகிறது.