டீடாக்ஸ் டயட்: பலன் என்று நாம் தப்பாகப் படிக்கும் அறிகுறிகள்

தீபாவளி முடிந்த வாரத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழும். முதல் நாள் பழம் மட்டும், அதிலும் வாழைப்பழம் கூடாது. இரண்டாம் நாள் காய்கறி மட்டும், காலையில் வேகவைத்த உருளைக்கிழங்கோடு தொடங்க வேண்டும். மூன்றாம் நாள் இரண்டும். நான்காம் நாள் எட்டு வாழைப்பழம், மூன்று டம்ளர் பால். இப்படியே ஏழு நாள். உடம்பில் சேர்ந்த நச்செல்லாம் வெளியேறி ஐந்து முதல் ஏழு கிலோ குறையும் என்று அடியில் ஒரு வரி.

இதற்குப் பெயர் ஜி.எம். டயட். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1985-ல் தன் ஊழியர்களுக்காக உருவாக்கியது என்று கதை சொல்வார்கள். அதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. எலுமிச்சைச் சாறு, மேப்பிள் பாகு, மிளகாய்த் தூள் கலந்த தண்ணீரையே பத்து நாள் குடிக்கச் சொல்லும் அமெரிக்க முறை இதற்கும் மூத்தது. ஸ்டான்லி பரோஸ் என்பவர் 1940-களில் தொடங்கி வைத்தது. ஜூஸ் மட்டும், சூப் மட்டும், இளநீர் மட்டும் என்று இன்று டீடாக்ஸ், அதாவது நச்சு நீக்கம் என்ற பெயரில் சுற்றுவதெல்லாம் இந்த வகையறாதான்.

செய்து பார்த்தவர்கள் பலன் தெரிந்தது என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. எடை இறங்கும், தலை வலிக்கும், வயிறு போகும். எல்லாமே நிஜமாக நடப்பவை. அவற்றுக்கு நாம் கொடுக்கும் விளக்கம்தான் தப்பு.

எடை மெஷினை அப்படியே நம்புவது

ஏழு நாள் கழித்து மெஷினில் ஏறினால் மூன்று, நான்கு கிலோ குறைந்திருக்கும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிலோ உடல் கொழுப்பு கரைய ஏறத்தாழ 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். நாளைக்கு 1,800 கலோரி செலவழிக்கும் ஒருவர் 800 கலோரி மட்டும் சாப்பிட்டால் தினமும் 1,000 கலோரி துண்டு விழும். ஏழு நாளில் 7,000. ஆக, கரைந்த கொழுப்பு முழுசாக ஒரு கிலோகூட இல்லை.

மீதியில் பெரும்பங்கு தண்ணீர். நம் கல்லீரலில் சுமார் 100 கிராமும் தசைகளில் சுமார் 400 கிராமும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து இருப்பு உண்டு. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோறும் இட்லியும் நின்றதும் இந்த இருப்பு செலவாகி, பிடித்து வைத்த தண்ணீர் சிறுநீராகப் போய்விடுகிறது. உப்பு குறைந்ததால் இன்னும் கொஞ்சம் நீர் இறங்கும். குடலில் வழக்கமாக இருக்கும் உணவின் எடையும் குறையும். எட்டாம் நாள் பழையபடி சாப்பிட்டால் தண்ணீர் திரும்பி வந்துவிடும். "ஒரு நாள் பிரியாணி சாப்பிட்டதுக்கு ரெண்டு கிலோ ஏறிடுச்சு" என்று புலம்பி, மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிப்பவர்கள் எத்தனையோ பேர்.

இப்படித் திரும்பத் திரும்பச் செய்வதில்தான் நஷ்டம். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்குப்படி, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தினமும் தேவை. அறுபது கிலோ ஆளுக்கு ஐம்பது கிராம். பழமும் ஜூஸுமாக ஓட்டும் நாளில் அதில் கால்வாசி கிடைத்தால் பெரிய விஷயம். உடம்பு தசையில் கை வைக்கும். முடியின் கதை இன்னும் தாமதமாக வரும். கடுமையான பட்டினிக்கு இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் முடி கொட்டத் தொடங்கும். அதற்குள் டயட் மறந்து போயிருக்கும். பழி போர் தண்ணீர் மேலும் ஷாம்பூ மேலும் விழும்.

தலைவலியை நல்ல சகுனமாக எடுத்துக்கொள்வது

"ரெண்டாம் நாள் தலை பிளக்கும், பயப்படாதீங்க, நச்சு வெளியேறுது" என்று பட்டியல் அனுப்பியவரே முன்கூட்டிச் சொல்லி வைப்பார். தினமும் இரண்டு வேளை ஃபில்டர் காபி குடிக்கும் ஆள் திடீரென்று நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் தலைவலி தொடங்கும், ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். இது காஃபீன் நின்றதால் வரும் வலி. வேளாவேளைக்குச் சாப்பிடாததும் நீர், உப்பு குறைந்ததும் அதோடு சேர்ந்துகொள்ளும். தலைச்சுற்றல், படபடப்பு, எழுந்து நின்றால் கண் இருட்டுவது வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். தாங்கிக்கொண்டு தொடர்வதில் வீரம் எதுவும் இல்லை.

கழிவறையில் ஆதாரம் தேடுவது

டீடாக்ஸ் டீ என்று அழகான டப்பாவில் விற்பதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் சென்னா இலை இருக்கும். நம் ஊர் நிலாவாரைதான் அது. உலகச் சந்தையில் இதற்கு வணிகப் பெயரே டின்னவேலி சென்னா, அதாவது திருநெல்வேலி நிலாவாரை. தென்மாவட்டக் காட்டில் காய்ந்து, தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறிப் போன மலமிளக்கி, வெளிநாட்டு டப்பாவில் நச்சு நீக்கியாகத் திரும்பி வந்து பத்து மடங்கு விலை சொல்வதை நினைத்தால் எனக்குச் சிரிப்புதான் வரும்.

அது வேலை செய்யும் விதம் இது. சென்னாவில் உள்ள சென்னோசைடுகளைப் பெருங்குடல் பாக்டீரியாக்கள் உடைத்த பிறகே அது குடலைத் தூண்டும். அதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆகும். சாப்பிட்ட உணவின் கலோரியெல்லாம் அதற்கு முன்பே சிறுகுடலில் உறிஞ்சப்பட்டுவிடும். பேதியில் போவது தண்ணீரும் பொட்டாசியமும். மலச்சிக்கலுக்கு மருத்துவர் சொல்லிச் சில நாள் எடுப்பது வேறு. மாதக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் குறைந்து தசை தளரும், இதயத் துடிப்பு தடுமாறும்.

குடலில் பழைய மலம் தங்கி நஞ்சாகி ரத்தத்தில் கலக்கிறது என்ற எண்ணம் புதிதல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனின் பேர்பெற்ற அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன், மலச்சிக்கல்காரர்களின் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். 1919-ல் அமெரிக்க மருத்துவர் வால்டர் ஆல்வரெஸ் இந்தக் கொள்கையை மறுத்து எழுதினார். மலச்சிக்கலில் வரும் தலைபாரமும் மந்தமும் மலக்குடல் விரிந்து அழுத்துவதால் வருபவை, நஞ்சு எதுவும் காரணமில்லை என்பது அவர் வாதம். மலக்குடலில் வெறும் பஞ்சை அடைத்தாலே அதே அறிகுறிகள் வந்ததைப் பிறகு நடந்த சோதனை காட்டியது. இன்று கொலனோஸ்கோப்பி செய்யும் மருத்துவர்கள் தினமும் குடலுக்குள் பார்க்கிறார்கள். வருடக்கணக்கில் ஒட்டிக்கிடக்கும் கழிவுப் படலம் எதையும் அவர்கள் காண்பதில்லை. குடல் சுத்தப் பொடி சாப்பிட்டவர்களுக்குக் கயிறு போல நீளமாக வருகிறதே என்றால், அந்தப் பொடியில் உள்ள இசப்கோலும் களிமண்ணும் தண்ணீரில் ஊறிக் கட்டியானால் அப்படித்தான் வரும்.

பித்தப்பைக் கல்லைக் கரைக்கும் வைத்தியமும் இதே ரகம். சில நாள் ஆப்பிள் ஜூஸ், பிறகு இரவில் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும். காலையில் பச்சை நிறத்தில் உருண்டை உருண்டையாக வரும். நியூசிலாந்தில் ஒரு பெண் அவற்றைச் சேகரித்து ஃபிரிட்ஜில் வைத்து மருத்துவரிடம் கொண்டுபோனார். சோதித்துப் பார்த்ததில் அவை பித்தக்கற்களே இல்லை. 40 டிகிரி சூட்டிலேயே உருகிவிட்டன. குடித்த எண்ணெய் வயிற்றுக்குள் சோப்பாகத் திரண்டதுதான் அது. இந்தச் சம்பவம் 2005-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. அந்தப் பெண்ணின் நிஜக் கற்களைப் பின்னர் அறுவை செய்துதான் எடுத்தார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: மிகக் குறைவாகச் சாப்பிட்டு வேகமாக எடை குறைப்பதே பித்தப்பைக் கல் உருவாக ஒரு காரணம்.

வீட்டில் அந்தக் காலத்தில் விளக்கெண்ணெய் கொடுத்தார்களே என்பார்கள். குடற்புழு பெரும்பாடாக இருந்த காலம் அது. இன்று பள்ளிகளிலேயே அல்பெண்டசோல் என்ற புழு நீக்க மாத்திரை கொடுக்கிறார்கள்.

பச்சைச் சாறு எவ்வளவு குடித்தாலும் நல்லது என்று நினைப்பது

என்னைக் கேட்டால் இதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. மற்றவற்றில் பெரும்பாலும் பணமும் தெம்பும் போகும். இதில் உயிரே போயிருக்கிறது.

2010-ல் டெல்லியில் ஓர் அறிவியலாளர் சுரைக்காய்ச் சாறும் பாகற்காய்ச் சாறும் கலந்து குடித்து இறந்தார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒரு குழு அமைத்து ஆராய்ந்தது. சுரைக்காய், வெள்ளரி, பீர்க்கங்காய்க் குடும்பத்தில் குக்கர்பிட்டசின் என்ற கசப்பு நஞ்சு உண்டு. சாதாரணக் காயில் மிகக் குறைவு. சில காய்களில் மட்டும் ஏறிவிடும். பார்த்தால் தெரியாது, கசப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். கசக்கும் சாறு உள்ளே போனால் வாந்தி, ரத்த வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று வேகமாகப் போகும். குழு சொன்னதில் முக்கியமானவை: ஒரு துண்டை வாயில் வைத்துப் பார், கசந்தால் தூக்கிப் போடு, சுரைக்காய்ச் சாற்றோடு வேறு சாறு எதையும் கலக்காதே. கசந்த சாற்றைக் குடித்துவிட்டு வயிறு புரட்டினால் நேரே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

பீர்க்கங்காய், வெள்ளரிக்காய் நறுக்கும்போது ஒரு துணுக்கைக் கிள்ளி வாயில் போட்டுப் பார்ப்பது நம் சமையலறைகளில் இருக்கும் பழக்கம்தான். மிக்ஸியில் இஞ்சி, எலுமிச்சை, புதினா, பாகற்காய் எல்லாம் ஒன்றாகப் போட்டு அரைக்கும்போது அந்தச் சோதனை விட்டுப்போகிறது. கசந்தாலும் "பாகற்காய்க் கசப்பு, உடம்புக்கு நல்லது" என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு குடித்துவிடுகிறோம்.

அடுத்தது ஆக்சலேட், சில காய்களிலும் கீரைகளிலும் இருக்கும், அதிகமானால் சிறுநீரகத்தில் படிகமாகப் படியும் பொருள். கேரளத்தில் இரும்பன்புளி என்று சொல்லும் பிலிம்பிக்காயைக் கொழுப்பு குறையும் என்று கெட்டிச் சாறாகக் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 2013-ல் அங்குள்ள மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. மீன் குழம்பில் நாலு காய் போடுவதால் யாருக்கும் ஒன்றும் ஆவதில்லை. கை நிறையக் காயைப் பிழிந்து வெறும் வயிற்றில் குடிப்பதுதான் சிக்கல். பாலக் கீரையிலும் ஆக்சலேட் அதிகம். வேகவைத்து நீரை வடித்தால் அதில் ஒரு பங்கு குறையும். பச்சையாக அரைத்த ஸ்மூத்தியில் அத்தனையும் உள்ளே போகும். சிறுநீரகக் கல் வந்தவர்கள், ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் ஏறி சிறுநீரகம் தளர்ந்தவர்கள் இந்தப் பச்சை டம்ளரைத் தொடவே கூடாது.

கல்லீரலுக்கு ஓய்வு கொடுப்பதாக நினைப்பது

கல்லீரல் நச்சைச் சேர்த்து வைக்கும் குப்பைத்தொட்டி கிடையாது. மருந்து, மது, உடம்பிலேயே உண்டாகும் அம்மோனியா எல்லாவற்றையும் வேதிமாற்றம் செய்து வெளியேற்றத் தோதாக்குவது அதன் அன்றாட வேலை. சிறுநீரகங்கள் ஒரு நாளில் 180 லிட்டர் அளவுக்கு வடிகட்டி, ஒன்றிரண்டு லிட்டரை மட்டும் சிறுநீராக விடுகின்றன. கல்லீரலின் இந்த வேலைக்குத் தேவையான குளுட்டாதயோன் என்ற பொருள் அமினோ அமிலங்களால் ஆனது. புரதத்தை நிறுத்திவிட்டுக் கல்லீரலைச் சுத்தம் செய்வதாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

உடம்பில் நிஜமாகவே நஞ்சு ஏறினால் அதற்குப் பெயர் உண்டு, அளவு உண்டு, பரிசோதனை உண்டு. ஈயம் என்றால் அதைப் பிடித்து வெளியேற்றும் மருந்து, பாராசிட்டமால் அதிகமானால் அசிட்டைல்சிஸ்டீன். டீடாக்ஸ் விற்பவர்களிடம் எந்த நச்சு என்று கேளுங்கள். பிரிட்டனில் 2009-ல் சென்ஸ் அபௌட் சயன்ஸ் அமைப்பைச் சேர்ந்த இளம் விஞ்ஞானிகள் 15 பொருள்களைத் தயாரித்தவர்களிடம் அதைத்தான் கேட்டார்கள். டீடாக்ஸ் என்றால் என்ன என்பதிலேயே இரண்டு நிறுவனங்கள்கூட ஒரே பதிலைச் சொல்லவில்லை. 2015-ல் வந்த ஓர் ஆய்வுத் தொகுப்போ, விற்பனையில் உள்ள டீடாக்ஸ் டயட்களை முறையாக ஒப்பிட்டுச் சோதித்த மருத்துவ ஆய்வு ஒன்றுகூட இல்லை என்றது.

ஸ்கேனில் கொழுப்புக் கல்லீரல் என்று வந்துவிட்டால் பதறிப்போய் ஜூஸில் இறங்குகிறார்கள். மெதுவாக, மாதக்கணக்கில் உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைத்தால் கல்லீரல் வீக்கம் தணிவதற்கு ஆதாரம் இருக்கிறது. சர்க்கரை போட்ட பானங்களையும் மதுவையும் நிறுத்துவது உதவும். பட்டியல்கள் முதலில் தடை செய்யும் காபியைப் பற்றி ஆய்வுகள் சொல்வது வேறு: காபி குடிப்பவர்களிடம் கல்லீரல் நோய் குறைவாகவே காணப்படுகிறது. சர்க்கரை இல்லாமல் குடிப்பவர்கள் நிம்மதியாகக் குடிக்கலாம்.

ஆகவே ஏழு நாள் டீடாக்ஸ் செய்து பார்க்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். சஷ்டிக்கோ ஏகாதசிக்கோ ஒரு வேளை விடுவதும் நோன்பு இருப்பதும் வேறு கணக்கு. அதை யாரும் நச்சை எடுக்கச் செய்வதில்லை. கர்ப்பிணிகள், பாலூட்டுபவர்கள், வளரும் பிள்ளைகள், சாப்பாட்டோடு ஏற்கெனவே மல்லுக்கட்டுபவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம்.

மாத்திரையைக் கணக்கில் எடுக்காமல் தொடங்குவது

சர்க்கரைக்கு கிளிமிபிரைடோ இன்சுலினோ எடுப்பவர் சாப்பாட்டைக் குறைத்துவிட்டு மருந்தை அதே அளவில் தொடர்ந்தால் சர்க்கரை அபாயமாக இறங்கும். நடுக்கம், குளிர்ந்த வியர்வை, குழப்பம் வரும். அதையும் நச்சு வெளியேறுவதாக நினைத்துப் படுத்துவிடக் கூடாது. உடனே சர்க்கரைத் தண்ணீர் குடிக்க வேண்டும், நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். டெல்மிசார்டான் போன்ற ரத்த அழுத்த மாத்திரைகள் உடம்பில் பொட்டாசியத்தை ஏற்றும். சிறுநீரகமும் பழுதானவர் அதோடு நான்காம் நாளின் எட்டு வாழைப்பழத்தையும் சேர்த்தால் இதயத் துடிப்பே தடம் புரளலாம். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர் திடீரென்று தினமும் கீரைச் சாறு குடித்தால் அதிலுள்ள வைட்டமின் கே மருந்தின் வேலையைக் குறைத்துவிடும்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பட்டினி கிடக்கும்போது இந்த மாத்திரைகளால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறக்கூடும். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வரும். ஆனால் குளுக்கோமீட்டரில் சர்க்கரை பெரிதாக ஏறாமலே இருக்கலாம். அதைப் பார்த்து வீட்டில் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போய், எத்தனை நாளாக உணவு சரியாக எடுக்கவில்லை என்பதையும் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.