கட்டிலருகே கணினி: வார்டுக்குப் புதிதாக வரும் செவிலியருக்கு

"சிஸ்டர், அம்மாவுக்குப் பென்சிலின் ஆகாதே, இது அந்த மாதிரி மருந்து இல்லையே?" என்று அந்த மகள் கேட்டபோது, அமாக்சிசிலின் என் கையில் இருந்தது. அமாக்சிசிலின் பென்சிலின் குடும்பத்து மருந்துதான். முந்தின நாள் அட்மிஷன் போட்டதும் நான்தான். "பென்சிலின் போட்டால் உடம்பெல்லாம் தடிப்பு வரும்" என்று கேட்டு எழுதியும் இருந்தேன். ஆனால் எழுதிய இடம் தவறு. ஒவ்வாமைக்கென்று இருந்த கட்டத்தில் மருந்தைத் தேர்ந்தெடுக்காமல், கீழே குறிப்புக்காக இருந்த பெட்டியில் தட்டிவிட்டேன். படிக்கிற மனிதருக்கு அது புரியும். எங்கள் கணினியோ ஒவ்வாமைக் கட்டத்தில் இருப்பதை மட்டும்தான் மருந்துச் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கும். அதனால் டாக்டர் மருந்து எழுதியபோது எந்த எச்சரிக்கையும் வரவில்லை. அந்த மகள் மட்டும் கேட்காமல் இருந்திருந்தால்?

19 வருடமாக வார்டில் இருக்கிறேன். இப்போது புதிதாக வருகிறவர்களுக்குக் கணினிப் பதிவு சொல்லிக்கொடுப்பதும் என் வேலை. நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒவ்வாமைக் கட்டம். அதில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எந்த மருந்து, போட்டால் என்ன ஆனது, எவ்வளவு கடுமையாக. வயிறு புரட்டியதும் மூச்சு அடைத்ததும் ஒன்றல்ல. இரண்டையும் வெறுமனே "ஒவ்வாமை" என்று போட்டுவைத்தால், பின்னால் உயிர் காக்க அந்த மருந்தே தேவைப்படும்போது டாக்டர் தடுமாறுவார். எந்த மருந்தும் ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை என்று நோயாளி சொன்னால் "ஒவ்வாமை இல்லை" என்பதைத் தேர்ந்தெடுங்கள். காலியாக விட்டால் யாரும் கேட்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

எடையும் அப்படித்தான். பல மருந்துகளுக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, அளவை எடையை வைத்துத்தான் கணக்கிடுவார்கள். வீட்டார் சொன்னதை எழுதாதீர்கள், நிறுத்துப் பாருங்கள். கிலோவா பவுண்டா என்று கட்டத்தைப் பார்த்துப் போடுங்கள். பவுண்டில் உள்ள எண் கிலோ கட்டத்தில் விழுந்தால் மருந்தளவு இரண்டு மடங்குக்கும் மேல் போய்விடும்.

அடுத்தது நாடி, ரத்த அழுத்தம், மூச்சு. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே இருப்பேன். அளந்ததைக் காகிதத் துண்டில் குறித்துக்கொண்டு, ரவுண்டு முடிந்த பிறகு பத்துப் பேருடையதையும் மேசையில் உட்கார்ந்து ஏற்றுவது வேண்டாம். கட்டிலருகிலேயே ஏற்றுங்கள். காரணம் இருக்கிறது. நியூஸ் 2 என்ற மதிப்பெண் முறையைப் பல கணினிகளில் சேர்த்திருக்கிறார்கள். பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் ஃபிசிஷியன்ஸ் 2012-இல் கொண்டுவந்து 2017-இல் திருத்திய முறை அது. நீங்கள் போடும் ஒவ்வொரு எண்ணும் இயல்பிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து மதிப்பெண் கொடுத்து, அவற்றைக் கூட்டி, நோயாளி சரிகிறாரா என்று அது சொல்லும். நீங்கள் ஒரு மணி நேரம் கழித்து ஏற்றினால் எச்சரிக்கையும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வரும்.

அதிலும் மூச்சு எண்ணிக்கை. ஒருமுறை டியூட்டி மாறி வந்தபோது, அறுவை சிகிச்சை முடிந்த ஒருவரின் சார்ட்டில் 18, 18, 18 என்றே வரிசையாக இருந்தது. மனிதர் ஒரே மாதிரி மூச்சு விடுவதில்லை. பக்கத்தில் நின்று கடிகாரத்தைப் பார்த்து ஒரு முழு நிமிடம் எண்ணினேன். 26. நாடி 112. மற்றதெல்லாம் சரியாக இருந்தது. நாடிக்கு மதிப்பெண் 2. மூச்சு 18 என்றால் 0, ஆக மொத்தம் 2. திரை பச்சையாகவே இருந்திருக்கும். 26 என்றால் 3, மொத்தம் 5. ஐந்தைத் தொட்டால் டாக்டர் உடனே வந்து பார்க்க வேண்டும். வந்தார். எண்ணாமல் போட்ட 18-ஐ வைத்துக்கொண்டு எவ்வளவு நல்ல மென்பொருளாலும் ஒன்றும் செய்ய முடியாது.

மருந்து கொடுக்கும்போது நோயாளியின் கைப்பட்டையை ஸ்கேன் செய்யுங்கள், பிறகு மருந்தை. கைப்பட்டை நனைந்தோ கசங்கியோ ஸ்கேன் ஆகாமல் போகும். அதற்காக இன்னொரு பட்டையை அச்சடித்து ட்ராலியில் ஒட்டிவைத்து அதை ஸ்கேன் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை அதிகம், அவசரம், எனக்கும் தெரியும். ஆனால் அப்படிச் செய்தால் கணினி சரிபார்ப்பது ட்ராலியைத்தான், கட்டிலில் இருக்கிறவரை அல்ல. புதுப் பட்டை அச்சடித்து அவர் கையிலேயே கட்டுங்கள். ஒரே வார்டில் அடிக்கடி இப்படி ஆனால் பட்டையின் தரத்தைப் பற்றி எழுத்தில் புகார் கொடுங்கள்.

எச்சரிக்கைகள் பற்றி. எதற்கெடுத்தாலும் பெட்டி வந்து நின்றால், புலி வருது கதைதான். நிஜப் புலி வரும் நாளில் விரல் தானாக "சரி" என்பதை அழுத்திவிடும். இதைத் திட்டிப் பயனில்லை. ஒரு வாரம் எந்த எச்சரிக்கை எத்தனை முறை வந்தது, எத்தனை முறை தள்ளிவிட்டீர்கள், ஏன் என்று குறித்துவையுங்கள். மருந்தாளுநரையும் டாக்டரையும் உட்காரவைத்து அந்தப் பட்டியலைக் காட்டுங்கள். எதை எடுக்கலாம் என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். எங்கள் வார்டில் இப்படிச் செய்த பிறகுதான் மிச்சமிருந்த எச்சரிக்கைகளை நின்று படிக்க ஆரம்பித்தோம்.

நேற்றைய குறிப்பை இன்றைக்கு நகலெடுத்து ஒட்டாதீர்கள். கட்டைப் பிரித்துப் பார்க்காமலே "காயம் உலர்ந்திருக்கிறது" என்ற வரி மூன்று நாள் தொடர்ந்ததை நான் கண்டிருக்கிறேன். உள்ளே சீழ் வைத்திருந்தது. பாஸ்வேர்டை யாருக்கும் கொடுக்காதீர்கள், நெருங்கிய தோழியாக இருந்தாலும்.

கணினி நிற்கும் நாளும் வரும். 2017 மே மாதம் வான்னாக்ரை என்ற, கணினிகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் தீநிரல் தாக்கியபோது இங்கிலாந்தில் பல மருத்துவமனைகள் காகிதத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது. அச்சடித்த படிவங்கள் எந்த இழுப்பறையில் இருக்கின்றன என்பது இரவு டியூட்டிக்காரருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கணினி திரும்பி வந்ததும் காகிதத்தில் உள்ளதை ஏற்றும்போது, மருந்து கொடுத்த நேரத்தைப் போடுங்கள், தட்டச்சு செய்யும் நேரத்தை அல்ல. இரண்டும் குழம்பினால் அடுத்த வேளை மருந்து தப்பான நேரத்தில் போகும்.

கடைசியாக, நான் மிகவும் நம்புகிற ஒன்று. திரையை நோயாளி பக்கம் திருப்புங்கள். டிஸ்சார்ஜுக்கு முன் மருந்துப் பட்டியலைக் காட்டி, ஒவ்வொன்றாகச் சேர்ந்து படியுங்கள். கண் தெரியாதவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பக்கத்துக் கட்டில்காரர் பார்வையில் படாதபடி மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு பெரியவர் நான்காவது வரியில் விரலை வைத்து, "இதை நான் நிறுத்தி மூணு மாசம் ஆச்சும்மா, தலை சுத்துதுன்னு" என்றார். அது ரத்த அழுத்த மாத்திரை. இவ்வளவு நாளும் அவர் அதைச் சாப்பிடுவதாகவே எங்கள் பதிவு சொல்லிக்கொண்டிருந்தது. அவர் எதிரிலேயே "நோயாளி நிறுத்திவிட்டார், காரணம் தலைசுற்றல்" என்று பதிந்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டேன். பெரியவர் அதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, ஐந்தாவது வரிக்கு விரலை நகர்த்தினார்.