ஸ்கவுட் ரைஃபிள்: தேர்ந்தெடுப்பதும் பழகுவதும்

அரிசோனாவில் ப்ரெஸ்காட் பக்கம் மான் வேட்டைக்குப் போகிறவன் நான். ரைஃபிள் வாங்க யோசனை கேட்கும் நண்பர்களிடம், எவ்வளவு தூரம் நடப்பீர்கள் என்றுதான் முதலில் கேட்பேன். கடையில் கையில் எடுக்கும்போது நாலரை கிலோ பெரிதாகத் தெரியாது. மேடும் பள்ளமுமாக மத்தியானம் வரை நடந்தால் தெரியும்.

ஸ்கவுட் ரைஃபிள் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததுதான். ப்ரெஸ்காட்டுக்கு வடக்கே பால்டனில், இன்று கன்சைட் என்று அறியப்படும் பயிற்சிப் பள்ளியை 1976-ல் தொடங்கிய ஜெஃப் கூப்பர், 1983-ல் விஷயம் தெரிந்தவர்களை அங்கே கூட்டி இதன் இலக்கணத்தைப் பேசினார். ஸ்கோப் என்கிற குறிபார்க்கும் தொலைநோக்கி, வார் எல்லாம் சேர்த்து 3 கிலோ, மிஞ்சினால் 3.5. நீளம் 1 மீட்டருக்குள். தோட்டா .308 வின்செஸ்டர், 200 கிலோ வரை எடையுள்ள விலங்குக்குப் போதும். 200 கெஜத்தில் 4 அங்குலத்துக்குள் குண்டுகள் விழ வேண்டும்.

வாங்கும்போது ஸ்கோப், வார், கழற்றி மாட்டும் சாமான் எல்லாவற்றோடும் எடை போடுங்கள். விளம்பரத்தில் இருப்பது வெறும் துப்பாக்கியின் எடை. கூப்பரின் யோசனையில் ஆஸ்திரியாவின் ஸ்டெயர் நிறுவனம் 1990-களின் கடைசியில் கொண்டுவந்த ஸ்கவுட்டில், மடக்கும் முன்கால்களும் பின்கட்டைக்குள் ஒரு உபரி மேகசினும் (தோட்டாக்களை அடைக்கும் பெட்டி) உண்டு. அருமையான வேலைப்பாடு, விலையும் அதற்கேற்றபடி. 2011-ல் வந்த ரூகர் கன்சைட் ஸ்கவுட் பலருக்குக் கட்டுப்படியாகும். அதன் 10 தோட்டா மேகசின் கீழே நீட்டிக்கொண்டு நிற்கும். நடக்கும்போது 3 அல்லது 5 தோட்டா மேகசினைப் போடுங்கள்.

அப்புறம் ஸ்கோப். சாதாரண ஸ்கோப் கண்ணிலிருந்து 3, 4 அங்குலத்தில் இருக்கும். ஸ்கவுட்டில் அது குழலின் மேல், 9, 10 அங்குலம் தள்ளி இருக்கும்; பெரிதாக்கும் திறன் 2, 3 மடங்குதான். இதனால் போல்ட்டுக்கு, அதாவது தோட்டாவை ஏற்றி இறக்க இழுக்கும் தண்டுக்கு, மேலே இடம் காலியாக இருக்கிறது. எடை சமமாக நிற்கும் அந்த இடத்தைக் கைக்குள் அடக்கிப் பிடித்து நடக்கலாம். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய வசதி. எடை குறைந்த .308 ரைஃபிள் நன்றாகவே உதைக்கும், ஆனால் ஸ்கோப் புருவத்தில் இடிக்காது.

பொருத்தும் முறை இது. தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பாருங்கள். ஸ்கோப்பைப் பிடிக்கும் வளையங்களைத் தளர்வாக வைத்து, கண்ணை மூடி, ரைஃபிளைத் தோளில் ஏற்றுங்கள். கண்ணைத் திறந்ததும் வட்டம் முழுசாகத் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, பிறகு முடுக்குங்கள். 200 கெஜத்துக்குக் குறி சரிசெய்தால், 100 கெஜத்தில் குண்டு சுமார் 2 அங்குலம் மேலே படும்.

வீட்டில் தினமும், தோட்டா இல்லாமல், பாதுகாப்பான சுவரை நோக்கிப் பழகுங்கள். இரண்டு கண்ணும் திறந்திருக்கட்டும். பார்வையைக் குறியிலிருந்து எடுக்காமல் ரைஃபிளை மட்டும் உயர்த்துங்கள். ஸ்கோப் தானாகப் பார்வைக்குள் வந்து நிற்க வேண்டும். நிற்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும்.

வாரை வெறுமனே தோளில் மாட்டும் பட்டையாக நினைக்காதீர்கள். எரிக் சிங் அமைத்த வாருக்கு மூன்று இணைப்புகள். நடு இணைப்பு மேகசினுக்கு முன்னால் வரும். வலக்கைக்காரர்கள் இடது கையை முதல் இரண்டு இணைப்புக்கும் நடுவே விட்டு, வாரைப் புஜத்தின் மேல்பகுதி வரை ஏற்றி இறுக்க வேண்டும். உட்கார்ந்து சுடும்போது ஆட்டம் எவ்வளவு குறைகிறது என்பதை முதல் நாளே உணர்வீர்கள். மேசையில் வைத்துச் சுடுவதைக் குறி சரிசெய்வதோடு நிறுத்திக்கொண்டு, மிச்சத் தோட்டாவை உட்கார்ந்தும் மண்டியிட்டும் செலவழியுங்கள். குட்டைக் குழலின் சத்தம் கடுமை, காதுக்கவசம் கட்டாயம்.

சூரியன் முதுகுப் பக்கம் தாழ்வாக இருந்தால் ஸ்கோப்பின் பின்கண்ணாடி கூசும். மங்கிய வெளிச்சத்திலும் இது சாதாரண ஸ்கோப்புக்கு ஈடாகாது. விடியலிலும் அந்தியிலும் ஒரே இடத்தில் காத்திருந்து சுடுபவர் என்றால், ரூகரோடு வரும் வளையங்களில் வழக்கமான ஸ்கோப்பைக் கண்ணருகே பொருத்திக்கொள்ளுங்கள்.