கொழும்புத் தேமலும் நுவரெலியாப் பொடுகும்: ஹட்டன் பாமசி கவுண்டரிலிருந்து

தீபாவளி நெருங்க நெருங்க எங்கள் கவுண்டரில் பூஞ்சைக்குப் பூசும் க்ளோட்ரிமசோல் கிரீம் டியூப் மளமளவென்று தீரும். கொழும்புக் கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் ஹட்டன் ஸ்டேஷனில் இறங்கி, பையோடு நேரே இங்கே வருவார்கள். சட்டைக் காலரைக் கொஞ்சம் இழுத்துக் காட்டி, "அக்கா, இதுக்கு என்னமாச்சும் தாங்க, அம்மா கண்ணுல படுறதுக்குள்ள போகணும்" என்பார்கள். தேமல். ஜனவரியில் வருகிற கூட்டம் வேறு: நுவரெலியாப் பக்கம் மரக்கறித் தோட்டத்துப் பனியில் நிற்பவர்கள். கம்பளித் தொப்பியைக் கழற்றினால் தோளெல்லாம் பொடுகு. இரண்டுக்கும் பின்னால் இருப்பது ஒரே ஈஸ்ட் குடும்பம், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஒரு பூஞ்சை என்றால் சிரிக்கிறார்கள்.

பெயர் மலசீசியா. 1874இல் லூயி மலசே என்ற பிரெஞ்சுக்காரர் இதைப் பற்றி எழுதியதால் வந்த பெயர். பிறந்த கொஞ்ச நாளிலேயே எல்லார் தோலிலும் இது குடியேறிவிடும். சொந்தமாகக் கொழுப்பு அமிலம் தயாரிக்கத் தெரியாது, நம் தோலில் ஊறும் எண்ணெய்ப் பசைதான் அதற்குச் சாப்பாடு. அதனால்தான் தலை, மூக்கோரம், நெஞ்சு, முதுகு, தோள் என்று எண்ணெய் சுரக்கிற இடத்திலேயே தொல்லை. சூடும் வேர்வையும் கூடினால் சில பேருடைய தோலில் அது நூல் நூலாக வளர்ந்து தேமலாகிறது. தலையில் அது எண்ணெயை உடைக்கும்போது வருகிற ஓலெயிக் அமிலம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத்தான் பொடுகு.

எல்லார் தோலிலும் இருப்பதுதான் என்பதால் தேமல் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டுகிற நோயாகக் கணக்கில்லை. மருமகளின் துவாயை இஸ்தோப்பில் தனியாகக் காயப்போடச் சொல்லும் மாமியார்மார் இதைக் கொஞ்சம் கேட்டுக்கொள்ளவும்.

வாங்குவதற்கு முன் வீட்டிலேயே பாருங்கள். வெளிச்சத்தில் நின்று திட்டின் மேல் நகத்தால் லேசாக ஒரு கோடு இழுங்கள். தவிடு மாதிரி மெல்லிய பொடி எழும்பினால் பெரும்பாலும் தேமல். ஓரம் தடித்து, வட்டமாக, அரிப்போடு படர்ந்தால் அது படர்தாமரை. அது வேறு பூஞ்சை, ஒட்டும், வைத்தியமும் வேறு. பால் வெள்ளையாக, பொடியே இல்லாமல் இருந்தால் வெண்புள்ளியாக இருக்கலாம். வெளிறிய திட்டில் தொட்டால் உணர்ச்சி குறைவாக இருந்தால் பாமசிக்கு வரவே வேண்டாம், நேரே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொழுநோய் இன்னும் இந்த நாட்டில் இருக்கிறது. மருந்து இலவசம், முழுசாகக் குணமாகும், தாமதித்தால்தான் நரம்பு கெடும்.

தேமல்தான் என்றால் சின்ன டியூப் வாங்கிக் கண்ணுக்குத் தெரிகிற புள்ளியில் மட்டும் தடவுவது வீண்செலவு. தெரியாத இடத்திலும் அது பரவியிருக்கும். நான் எடுத்துக் கொடுப்பது பூஞ்சையை அடக்கும் 2 சதவீதக் கீட்டோகொனசோல் ஷாம்பூ. ஆமாம், ஷாம்பூவை உடம்புக்குத்தான். கழுத்திலிருந்து இடுப்பு வரை, கைகளில் முழங்கை வரை ஈரத்தோலில் தேய்த்து, ஐந்து நிமிடம் விட்டுக் கழுவ வேண்டும். மூன்று முதல் ஐந்து நாள் தொடர்ந்து. விடியக்காலைப் பீலித் தண்ணீரில் நனைந்து நுரையோடு ஐந்து நிமிடம் நிற்க நம் மலையில் யாராலும் முடியாது, ஒரே நிமிடத்தில் ஊற்றிவிட்டு "மருந்து கேக்கல மிஸ்" என்று திரும்பி வருவார்கள். சுடுதண்ணீரை அடுப்பில் வைத்துவிட்டு, ஈரத்துணியால் உடம்பைத் துடைத்து, அடுப்படியிலேயே பூசிக்கொள்ளுங்கள். தண்ணீர் சுடுவதற்குள் நேரம் கணக்காகிவிடும். அதற்குப் பதிலாக 2.5 சதவீத செலீனியம் சல்பைட் ஷாம்பூ வாங்கினால் பத்து நிமிடம், ஏழு நாள். பூசுமுன் சங்கிலி, வளையலைக் கழற்றுங்கள், நகை கறுக்கும். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரரும் டொக்டரைக் கேட்காமல் எதுவும் பூச வேண்டாம்.

இனித்தான் எல்லாரும் தடுமாறுகிற இடம். ஈஸ்ட் அடங்கினாலும் வெள்ளைத் திட்டு உடனே போகாது. ஈஸ்ட் சுரந்த அமிலம் தோலின் நிறம் தயாராகும் வேலையைத் தடுத்து வைத்திருக்கும், பழைய நிறம் திரும்ப மாதக்கணக்காகும். "குணமாகலையே" என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கிரீம் மாற்றுகிறவர்கள் மறுபடி நகத்தால் கோடு இழுத்துப் பார்க்கட்டும். பொடி எழும்பவில்லை என்றால் மருந்து வேலை செய்துவிட்டது, பொறுக்க வேண்டியதுதான். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற அக்காமாருக்கு மழைப் பொலித்தீனுக்குள் முதுகு வேர்த்துத் திரும்ப வரும். மாதம் ஒருமுறை அதே ஷாம்பூவை முதுகில் போட்டுக் குளித்தால் அடங்கியிருக்கும்.

பொடுகுக்கும் அதே ஷாம்பூதான்: வாரம் இரண்டு தடவை, நான்கு வாரம் வரை, பிறகு ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒரு தடவை. தலைத்தோலில் படவேண்டும், முடியில் அல்ல. எண்ணெய் வைக்காதே என்றால் அம்மாமார் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஆனால் ஆய்வுகூடத்தில் இந்த ஈஸ்டை வளர்க்க ஒலிவ் எண்ணெய்தான் ஊற்றுகிறார்கள், மேற்கொண்டு நான் என்ன சொல்ல. முடியின் நுனிக்கு மட்டும் வையுங்கள்.

நெஞ்சிலும் முதுகிலும் ஒரே அளவில், அரிப்போடு சிறு பருக்கள் வந்து, பருவுக்கான அன்டிபயோட்டிக் குடித்தும் கூடுகிறதென்றால் அதுவும் இந்த ஈஸ்டாக இருக்கலாம். டொக்டரிடம் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

பழைய சிட்டையைக் காட்டிக் கீட்டோகொனசோல் குளிசை கேட்டால் நான் தரமாட்டேன். ஈரலைக் கெடுக்கும் என்று 2013இலேயே அமெரிக்காவும் ஐரோப்பாவும் எச்சரித்துவிட்டன. ஷாம்பூவுக்கு அந்தப் பயம் இல்லை. சந்தையில் லேபிள் இல்லாமல் விற்கிற வெள்ளையாக்கும் கிரீமையும், பக்கத்து வீட்டுக்காரர் தந்த ஸ்டீரொயிட் கலந்த டியூபையும் தொடாதீர்கள். அரிப்பு இரண்டு நாள் அடங்கும், பூஞ்சை அடியில் பரவும். ஏற்கனவே பூசியிருந்தால் அந்த டியூபையே கையோடு கொண்டு வாருங்கள், பெயர் ஞாபகமில்லாவிட்டாலும் பரவாயில்லை.